கேமிங் பிசிக்குப் புரொசெசரும் ரேமும்: கொழும்பில் வாங்கப் போகிறவர்களுக்கு

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி "கேம் விளையாட ஒரு பிசி வேணும்" என்று கேட்டால், ஏதாவது ஒரு கவுன்டரில் "ஐ செவன் போடுங்கோ தம்பி, எல்லாம் ஓடும்" என்ற பதில் கட்டாயம் வரும். அந்தப் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 2013இல் வந்த இன்டெல் ஐ7-4770உம் ஐ7தான், 2023இல் வந்த ஐ7-14700கேயும் ஐ7தான். முதலாவதை இன்றைக்கு மலிவான ஐ3-12100எஃப் சுலபமாக முந்திவிடும். பெயரின் முன்பாதி விளம்பரம். பின்னால் வரும் இலக்கங்களும் எழுத்துகளும்தான் விஷயம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புரொசெசர், மதர்போர்ட், ரேம் மூன்றையும் ஒரே சாமானாக நினைத்துத்தான் விலை கேட்க வேண்டும். புரொசெசரின் சொக்கெட் (மதர்போர்டில் அது பொருந்தும் இடம்) எந்த மதர்போர்ட் என்பதைத் தீர்மானிக்கிறது, மதர்போர்ட் எந்த ரேம் என்பதைத் தீர்மானிக்கிறது. புரொசெசர் மலிவாகக் கிடைத்தது என்று முதலில் அதை வாங்கிவிட்டு, அதற்கான போர்டும் ரேமும் அந்த இலாபத்தை விழுங்கிவிட்டதைப் பிறகு கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். மூன்றின் கூட்டுத்தொகையை எழுதி, கூட்டுத்தொகையோடு கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள்.

கடைக்குப் போக முன் எழுத வேண்டியவை

ஒரு துண்டில் மூன்று விடயங்கள்: என்ன கேம்கள், மொனிட்டரின் ரெசலூஷனும் (திரையில் எத்தனை புள்ளி) ஹெர்ட்ஸும் (செக்கனுக்கு எத்தனை தடவை படம் மாறும்), எந்த கிராபிக்ஸ் கார்ட். இவை இல்லாமல் புரொசெசரைத் தெரிவு செய்வது குருட்டு யோகம்.

காரணம் இதுதான். ஒவ்வொரு பிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப்படம்) முதலில் புரொசெசர் கணக்குப் போடுகிறது: எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது, எந்தப் பொருளை வரைய வேண்டும். அதன் பிறகுதான் கிராபிக்ஸ் கார்ட் படத்தை வரைகிறது. 1080பியிலிருந்து 1440பிக்குப் போனால் கார்டின் வேலை கூடும். புரொசெசரின் வேலை பெரிதாக மாறாது. ஆனால் ஹெர்ட்ஸ் கூடினால் புரொசெசருக்கு நேரம் குறைகிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிசெக்கன், 144 ஹெர்ட்ஸில் வெறும் 6.9. ஆகவே 60 ஹெர்ட்ஸ் மொனிட்டருக்கு விலை கூடிய புரொசெசர் போடுவது கடலில் கரைத்த பெருங்காயம். அந்தக் காசை கார்டில் போட்டால் கண்ணுக்குத் தெரியும்.

வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றை 144 அல்லது அதற்கு மேற்பட்ட ஹெர்ட்ஸில் விளையாடுபவர்களுக்குப் புரொசெசரும் ரேமும் முக்கியம். நகரம் கட்டும் கேம்கள், ஃப்ளைட் சிமுலேட்டர், நூற்றுக்கணக்கான படைகள் நகரும் வியூகக் கேம்கள் ஆகியவற்றுக்கும் அப்படியே. அழகான காட்சிகளோடு ஒருவர் தனியாக விளையாடும் கதைக் கேம்களுக்கு கார்ட்தான் முக்கியம். மொனிட்டரைக் கழித்துவிட்டு மிச்சக் காசில் ஏறக்குறைய 40 வீதத்தைக் கார்டுக்கு ஒதுக்கி, முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வீதத்தில் இந்த மூன்று சாமானையும் முடிப்பது நல்ல தொடக்கக் கணக்கு. போட்டிக் கேம் மட்டும் விளையாடுபவர் அதைக் கொஞ்சம் புரொசெசர் பக்கம் சாய்க்கலாம்.

இடையில் ஒன்று: பிங் கூடுவது புரொசெசரின் பிழை அல்ல. கொழும்பிலிருந்து மும்பை, சிங்கப்பூர் சேர்வர்களுக்குப் போய்வரும் நேரத்தை எந்தப் புரொசெசராலும் குறைக்க முடியாது. ஆட்டம் விக்கும்போது மூலையில் பிங் இலக்கத்தையும் எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை பிரேம்) இலக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் அசையாமல் பிங் மட்டும் துள்ளினால் ரவுட்டர் பக்கம் போங்கள், கடைப் பக்கம் போக வேண்டாம்.

ஏற்கனவே பிசி இருக்கிறதென்றால்

புதிதாக வாங்க முன், குறை எங்கே என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. கேமில் அதிகம் விக்கும் இடத்துக்குப் போய் நின்று எஃப்பிஎஸ்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசலூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கி, அதே இடத்தில் திரும்பப் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்ட்தான் தடை. புரொசெசரைத் தொட வேண்டாம். இருந்த இடத்திலேயே நின்றால் தடை புரொசெசர் அல்லது ரேம்.

டாஸ்க் மனேஜர் காட்டும் மொத்தப் புரொசெசர் வீதத்தை நம்பாதீர்கள். ஆறு கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதி), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைவரிசை) உள்ள புரொசெசரில் ஒரு திரெட் மட்டும் முழுச்சுமையில் திணறிக்கொண்டிருக்க, மொத்தக் கணக்கு 25 வீதம் என்று காட்டக்கூடும். மாறாக கார்டின் வீதத்தைப் பாருங்கள். அது 95க்கு மேல் நின்றால் எல்லாம் ஒழுங்கு. கேமில் எஃப்பிஎஸ் எல்லை எதுவும் போடாமல் இருந்தும் அது 60, 70 என்று தடுமாறினால், கார்ட் புரொசெசருக்காகக் காத்து நிற்கிறது.

பெயரை வாசிக்கும் விதம்

கேமுக்கு இன்று அடிப்படை ஆறு கோர், பன்னிரண்டு திரெட். எட்டுக்கு மேல் கோர் வாங்குவது வீடியோ எடிட்டிங் செய்பவருக்குப் பிரயோசனம், கேமுக்கு அநேகமாக வீண். கோர் எண்ணிக்கைக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது எல்3 கேஷ், அதாவது புரொசெசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம். கேமின் தரவு ரேம் வரை போய்வராமல் புரொசெசருக்குள்ளேயே கிடைத்தால் பிரேம் சீராக வரும். கடைச் சிட்டைகளில் இந்த இலக்கத்தை எழுதுவதே இல்லை. ஏமாறும் இடமும் இதுதான்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் இதைப் பாருங்கள். ரைசன் 5 5600இல் 32 எம்பி எல்3. ரைசன் 5 5500இல் 16 எம்பி மட்டும், அத்தோடு பிசிஐஇ (கிராபிக்ஸ் கார்டோடு பேசும் இணைப்பு) பழைய 3.0. 5600ஜியும் அதே 16 எம்பிதான். இன்னும் மோசமான பொறி ரைசன் 7 5700. எட்டுக் கோர் என்று விற்பார்கள், ஆனால் அதிலும் 16 எம்பி கேஷ். 5700எக்ஸ் என்றால்தான் 32 எம்பி. ஓர் எழுத்து வித்தியாசத்தில் வேறு சிப். சில கேம்களில் ஆறு கோர் 5600 எட்டுக் கோர் 5700ஐ முந்துவதற்குக் காரணம் இதுவே. 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி ஆகியவற்றில் 96 எம்பி கேஷ் உண்டு. கேமுக்கென்றே பிறந்தவை இவை. உயர் ஹெர்ட்ஸ் மொனிட்டரும் நல்ல கார்டும் இருந்தால் மட்டும் அந்த விலை நியாயம்.

ஜி என்று முடியும் ஏஎம்டி புரொசெசர்களில் பெலத்த உள்ளமை கிராபிக்ஸ் இருக்கும். கார்ட் வாங்கக் காசு இல்லாமல் ஆரம்பிப்பவருக்கு 5600ஜி, 8600ஜி நல்ல வழி. ஆனால் "பிறகு கார்ட் போடுவேன்" என்று 8500ஜி வாங்குபவர் கவனிக்க வேண்டும்: கிராபிக்ஸ் கார்டுக்கு அது நாலு பிசிஐஇ பாதைகள்தான் தரும், 8600ஜி எட்டுத் தரும், 7600 முழுப் பதினாறையும் தரும்.

இன்டெலில் எஃப் என்றால் உள்ளமை கிராபிக்ஸ் இல்லை. கார்ட் பழுதாகி வொறன்டிக்குப் போனால் பிசி திரும்பி வரும்வரை கறுப்புத் திரைதான். விலை வித்தியாசம் சிறிதென்றால் எஃப் இல்லாததை எடுப்பது புத்தி. ஏஎம்டியின் 7500எஃப் வாங்குபவருக்கும் இது பொருந்தும். 7600இல் கேமுக்கு உதவாத, ஆனால் திரையைக் காட்டப் போதுமான கிராபிக்ஸ் இருக்கிறது. கே என்றால் ஓவர்குளொக் செய்யலாம், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம் என்று அர்த்தம். அதற்கு இசட் வகை மதர்போர்டும் பெரிய கூலரும் வேண்டும். புதியவருக்கு அது தேவையில்லை.

இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறையில் ஒரு பெரிய பிரச்சினை இருந்தது. ஐ5-13600கே தொடங்கி ஐ7, ஐ9 வரை பல மாதிரிகளில் அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜ் கேட்டுச் சிப் நாளடைவில் பழுதாகியது. அடையாளம்: கேம் திடீரென்று மூடும், "வீடியோ மெமரி போதாது" என்று பொய்க் காரணம் காட்டும், நீலத்திரை வரும். 2024 செப்டெம்பரில் வந்த 0எக்ஸ்12பி மைக்ரோகோட் (புரொசெசருக்கான திருத்தம்) அல்லது அதற்குப் பிந்தியது பயோஸில் (பிசியை எழுப்பும் மதர்போர்டின் மென்பொருள்) இருக்க வேண்டும். அது மேலும் பழுதாகாமல் தடுக்கும், பழுதானதைக் குணமாக்காது. இன்டெல் அந்த மாதிரிகளுக்கு வொறன்டியை இரண்டு வருடம் நீட்டியது. பாவித்த ஐ9-13900கே மலிவாக வந்தால் ஏன் மலிவு என்று யோசியுங்கள். ஐ5-12400எஃப் 12ஆம் தலைமுறை, இந்தப் பிரச்சினைக்கு வெளியே நிற்கிறது.

எந்த சொக்கெட்?

புதியவருக்கு மூன்று வழிகள்.

ஏஎம்4: ஏஎம்டியின் பழைய சொக்கெட். டிடிஆர்4 ரேம் மட்டும் (டிடிஆர் இலக்கம் ரேமின் தலைமுறை). 5600 அல்லது 5700எக்ஸ், பி550 போர்ட். பாதையின் முடிவு தெரிந்த சொக்கெட். இதற்கு மேல் புதிய புரொசெசருக்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஆனால் 1080பியில் கேம் விளையாட இன்னும் தாராளமாகப் போதும்.

எல்ஜிஏ1700: 12, 13, 14ஆம் தலைமுறை இன்டெல். டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, இரண்டும் ஒரே போர்டில் வேலை செய்வதை எதிர்பார்க்க வேண்டாம். பி760 என்று மட்டும் சிட்டையில் எழுதியிருந்தால் "டிடிஆர் எத்தனை?" என்று கேட்டு, அதையும் எழுதுவியுங்கள். டிடிஆர்4 ரேம் துண்டின் அடியில் உள்ள வெட்டு வேறிடம், டிடிஆர்5 துண்டின் வெட்டு வேறிடம். மாறி வாங்கினால் ஏறாது. அமத்தினால் ஸ்லொட் உடையும்.

ஏஎம்5: ஏஎம்டியின் புதிய சொக்கெட். டிடிஆர்5 மட்டும். 2022இல் வந்தது. 2027க்கும் அப்பால் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று 7500எஃப் அல்லது 7600 போட்டு, சில வருடங்களுக்குப் பிறகு புரொசெசரை மட்டும் மாற்ற முடியும் என்பதே இதன் பலம். இன்டெலின் எல்ஜிஏ1851, கோர் அல்ட்ரா 200 வரிசை, கேமில் போட்ட காசுக்கு ஈடு கொடுக்கவில்லை. புதியவருக்கு அதைச் சொல்ல மாட்டோம்.

ஒரு காலத்தில் ஏஎம்5ஐத் தயங்காமல் சொல்லியிருக்கலாம். 2025இன் கடைசி மாதங்களிலிருந்து நிலைமை வேறு. செயற்கை நுண்ணறிவுச் சேர்வர்களுக்காக நினைவகச் சிப்புகள் மொத்தமாக இழுபட, உலகம் முழுக்க ரேம் விலை பாய்ந்தது. கிருஷல் என்ற பெயரில் ரேம் விற்றுவந்த மைக்ரோன், அந்தச் சில்லறை வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசெம்பரில் அறிவித்தது. எனவே இப்போது ரேம்தான் கணக்கை மாற்றுகிறது. வீட்டில் பழைய டிடிஆர்4 துண்டுகள் இரண்டு நல்ல நிலையில் இருந்தால் ஏஎம்4 அல்லது டிடிஆர்4 போர்டோடு 12400எஃப் மிகவும் புத்திசாலித்தனமான தெரிவு. எல்லாம் புதிதாக வாங்குவதென்றால் இரண்டு கூட்டுத்தொகையையும் போட்டுப் பாருங்கள். ஏஎம்5 கூட்டுத்தொகைக்கும் ஏஎம்4 கூட்டுத்தொகைக்கும் உள்ள இடைவெளி கார்டை ஒரு படி உயர்த்தப் போதுமென்றால், ஏஎம்4 எடுத்துக் கார்டை உயர்த்துவதே எங்கள் பக்கச் சாய்வு.

ரேம்: எவ்வளவு, எத்தனை துண்டு, என்ன வேகம்

8 ஜிபி இன்று கேமுக்குக் காணாது. விண்டோஸ், டிஸ்கோர்ட், பிரவுசர் மூன்றுமே அதில் பாதியைத் தின்றுவிடும். மிச்சத்துக்குள் கேம் அடங்காமல் எஸ்எஸ்டியில் எழுதி எழுதி வாசிக்கும்போதுதான் அந்த அரைச் செக்கன் உறைவு வருகிறது. 16 ஜிபி குறைந்தபட்சம். 32 ஜிபி நிம்மதி. அதற்கு மேல் கேமுக்கு வேண்டியதில்லை. உள்ளமை கிராபிக்ஸில் விளையாடுபவர், அது ரேமிலிருந்தே தன் பங்கை எடுக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அளவு எதுவானாலும் இரண்டு துண்டாக வாங்குங்கள். ஒரு 16இற்குப் பதில் இரண்டு 8. புரொசெசருக்கும் ரேமுக்கும் இடையில் இரண்டு சனல் உண்டு. ஒரு துண்டு போட்டால் ஒன்று சும்மா கிடக்கும், தரவு போகும் அகலம் பாதியாகும். சராசரி எஃப்பிஎஸ் குறைவதைவிட, அடிக்கடி வரும் திடீர் விக்கல்கள் கூடுவதுதான் தொல்லை. ஜி வகைப் புரொசெசரில் இது மிகவும் மோசம், ஏனென்றால் அதன் கிராபிக்ஸுக்கும் இதே ரேம்தான். "இப்ப ஒண்டு போடுங்கோ, பிறகு இன்னொண்டு வாங்கலாம்" என்று கவுன்டரில் சொல்வார்கள். பிறகு வாங்கும் துண்டில் அதே மாதிரி இலக்கம் இருந்தாலும் உள்ளே வேறு சிப் இருக்கக்கூடும். இரண்டும் சேர்ந்து குறித்த வேகத்தில் ஓடாமல் விடலாம். ஒரே பெட்டியில் இரண்டாக வரும் கிட்டை வாங்குங்கள்.

நாலு துண்டு போடுவது அழகாகத்தான் இருக்கும். ஏஎம்5இல் அது வேகத்தைக் கொல்லும்: ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு துண்டுக்கு அதிகாரபூர்வ வேகம் 5200, நாலு துண்டுக்கு 3600. 32 வேண்டுமென்றால் இரண்டு 16. டிடிஆர்5இல் 8 ஜிபி துண்டுகள் உள் அமைப்பினால் 16 ஜிபி துண்டுகளைவிடச் சற்று மெதுவானவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தை ஒப்பிட ஒரு சின்னக் கணக்குப் போதும். சிஎல் (ரேம் பதில் தர எத்தனை சுற்று எடுக்கிறது) இலக்கத்தை 2000ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் நனோசெக்கன் வரும். குறைவென்றால் நல்லது. டிடிஆர்4-3200 சிஎல்16: 10. டிடிஆர்4-3600 சிஎல்18: அதுவும் 10. டிடிஆர்4-3200 சிஎல்22: 13.75. டிடிஆர்5-6000 சிஎல்30: 10. டிடிஆர்5-6000 சிஎல்36: 12. டிடிஆர்5-4800 சிஎல்40: 16.7. பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தை மட்டும் பார்த்து வாங்கினால் எங்கே போய் முடியும் என்று இதிலேயே தெரிகிறது.

டிடிஆர்4 என்றால் 3200 சிஎல்16, விலை நெருங்கினால் 3600 சிஎல்18. அதற்கு மேல் ஏஎம்4இல் உள் இணைப்பின் வேகத்தோடு ஒத்துப்போவது சிரமம். ஏஎம்5 என்றால் 6000 சிஎல்30; காசு இடித்தால் 5600 அல்லது 6000 சிஎல்36. 7200, 8000 என்று மினுங்கும் கிட்கள் அங்கே காசுக்குக் கேடு. எக்ஸ்3டி புரொசெசர்கள் பெரிய கேஷ் காரணமாக ரேம் வேகத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. அந்த வழியில் போகிறவர் ரேமில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். வெளிச்சம் போடும் உயரமான துண்டுகளை வாங்க முன், கூலரின் விசிறி அவற்றின் மேல் முட்டாதா என்று அளந்து பாருங்கள்.

மதர்போர்ட்

சுருக்கமாக: ஏஎம்4க்கு பி550, ஏஎம்5க்கு பி650, 12400எஃப்க்கு பி660 அல்லது பி760. எச்610 மலிவு, ஆனால் ரேம் வேகத்தை உயர்த்த விடாது, அநேகமாக இரண்டு ஸ்லொட்தான். 3200 டிடிஆர்4 போட்டு ஓட்டுபவருக்கு அதுவே போதும். பி450, பி660 போன்ற பழைய போர்ட்களைப் புதிய புரொசெசரோடு எடுத்தால், பயோஸைக் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் விசிறி சுற்றும், திரை வராது, புரொசெசர் பழுது என்று நினைத்துத் திரும்ப பஸ் ஏறுவீர்கள்.

கொழும்பு வெக்கை

குளிரூட்டி இல்லாத அறையில் பிற்பகல் 31, 32 பாகை சர்வசாதாரணம். வெளிநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய பாகையில் அளந்தவை. அறை பத்துப் பாகை கூடினால் புரொசெசரும் ஏறக்குறையப் பத்துப் பாகை கூடும். பெட்டியோடு வரும் சின்னக் கூலர் 5600ஐயும் 7600ஐயும் காப்பாற்றும், ஆனால் சத்தம் போடும். 120 மில்லிமீட்டர் விசிறி உள்ள ஒற்றைக் கோபுரக் கூலர் ஒன்று போட்டால் சத்தமும் குறையும், வேகமும் விழாது. 65 வொட் புரொசெசருக்குத் தண்ணீர்க் கூலர் தேவையில்லை. அந்தக் காசுக்குக் கேசிங்கின் முன்பக்கம் வலையாக இருப்பதைத் தேடுங்கள். கண்ணாடி முகப்பு கொழும்புக்குச் சரிவராது.

ரைசன் 7000 முழுச்சுமையில் 95 பாகை காட்டினால் பயப்பட வேண்டாம், அது அப்படி வடிவமைக்கப்பட்டது. ஆனால் வெறும் கேம் விளையாடும்போதே அந்த அளவுக்குப் போனால் கூலர் சரியாக இறுகவில்லை, அல்லது அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளைக் கழற்றாமல் பூட்டியிருக்கிறார்கள். இரண்டாவது நடப்பதில்லை என்று நினைக்காதீர்கள்.

கவுன்டரில்

குறைந்தது மூன்று கடையில் விலைச்சிட்டை எடுங்கள். சிட்டையில் முழு மாதிரி இலக்கம் இருக்க வேண்டும்: "16ஜிபி ரேம்" என்று எழுதினால் போதாது, தயாரிப்பாளர், வேகம், சிஎல், எத்தனை துண்டு எல்லாம் வேண்டும். 18 வீத வற் வரி சேர்ந்ததா, காசுக்கும் வங்கிக் கார்டுக்கும் ஒரே விலையா, விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்றும் கேளுங்கள். டொலர் அசைந்தால் விலையும் அசையும், ரேம் விலை அதைவிட வேகமாக அசையும்.

புரொசெசர் பெட்டியோடு வருகிறதா, பெட்டி இல்லாத ட்ரேயா? ட்ரே மலிவு, கூலர் இருக்காது, வொறன்டி விற்றவரின் கையில். பெட்டியில் வரும் இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் தயாரிப்பாளர் வொறன்டி வழமையாக மூன்று வருடம். ரேமுக்குத் தயாரிப்பாளர் ஆயுட்கால வொறன்டி கொடுத்திருந்தாலும் கடை எத்தனை வருடம் என்று எழுதுகிறதோ அதுதான் நடைமுறையில் உங்களுக்கு. பற்றுச்சீட்டில் தொடர் இலக்கம் இருக்கட்டும். எல்ஜிஏ1700, ஏஎம்5 என்றால் மதர்போர்டின் சொக்கெட் மூடியைத் திறந்து, ஏஎம்4 என்றால் புரொசெசரின் அடியைப் பார்த்து, பின்கள் வரிசையாக நிற்பதைக் கடைக்காரர் முன்னாலேயே படம் எடுங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலும் பிறகு "நீங்கதான் வளைச்சது" என்ற பேச்சு வரும், வொறன்டியும் போகும்.

அலுவலகங்களிலிருந்து கழித்த டெல், எச்பி பெட்டிகளை "ஐ7 கேமிங் பிசி" என்று விற்பதைக் காண்பீர்கள். இன்டெல் 8ஆம் தலைமுறைக்கோ ரைசன் 2000க்கோ முந்தியதென்றால் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11இல் வலோரன்ட்டுக்கு டிபிஎம் 2.0உம் செக்கியூர் பூட்டும் (பிசியின் பாதுகாப்பு அம்சங்கள்) கட்டாயம். அதோடு அந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை பல நேரம் தனி வடிவம். நல்ல கார்டுக்கு வயரே வராது.

வீட்டுக்கு வந்தபின்

மதர்போர்டில் நாலு ஸ்லொட் இருந்தால், ரேமைப் புரொசெசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது ஸ்லொட்களில் போடுங்கள். டிக் என்ற சத்தம் வரும்வரை இரு முனையையும் அமத்த வேண்டும். பல போர்ட்களில் ஒரு பக்கம்தான் பூட்டு இருக்கும், மறுபக்கம் அரைகுறையாக நிற்பது தெரியாது.

ஏஎம்5 முதல் தடவை எழும்பும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளும். திரை பல நிமிடம் கறுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்காதீர்கள். பதினைந்து நிமிடம் பொறுங்கள்.

அடுத்தது பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவது. ரேம் அநேகமாக வாங்கிய வேகத்தில் தானாக ஓடாது. டிடிஆர்4 2133, 2400 அல்லது 2666இலும், டிடிஆர்5 4800இலும் எழும்பும்; காசு கொடுத்த வேகத்தை நீங்கள்தான் தட்டி எழுப்ப வேண்டும்.

1. பிசியை ஓன் செய்த உடனே டிலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்து பயோஸுக்குள் போங்கள்.
2. இன்டெலில் எக்ஸ்எம்பி, ஏஎம்5இல் எக்ஸ்போ, அசூஸின் ஏஎம்4 போர்ட்களில் டிஓசிபி என்ற பெயரைத் தேடி முதலாவது புரொபைலைத் தெரியுங்கள்.
3. எஃப்10 அடித்துச் சேமித்து வெளியே வாருங்கள்.
4. விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து மெமரிப் பக்கத்தில் வேகத்தைப் பாருங்கள். பிசியின் விபரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் பாதி இலக்கம்தான் காட்டும்: 3200க்கு 1600. அது சரி, ஏமாற்று அல்ல.
5. சிபியு-இசட்டில் சனல் விபரத்தையும் பாருங்கள். டிடிஆர்5இல் இரண்டு துண்டுக்கு 4 x 32 பிட் என்று வர வேண்டும். 2 x 32 என்று வந்தால் ஒன்றுதான் வேலை செய்கிறது, அல்லது இரண்டும் ஒரே சனலில் நிற்கின்றன.

பச்சைப் பலகையில் வரும் 3200 சிஎல்22 துண்டுகளில் எக்ஸ்எம்பி இல்லாதவை உண்டு. அவை 3200இல் தானாகவே ஓடும். பயோஸில் புரொபைல் காணவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

பயோஸ் புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்ட் செத்துப்போகும். யுபிஎஸ் இல்லாவிட்டால் மழை இடி இருக்கும் பின்னேரத்தில் அந்த வேலையைத் தொடாதீர்கள். ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டென்றால் பென் டிரைவில் மீட்டெடுக்க வழி இருக்கிறது. வாங்கும்போதே அதைக் கவனித்தால் நல்லது.

புரொபைல் போட்ட பிறகு பிசி எழும்பவில்லை, அல்லது எழும்பிக் கேமில் விழுகிறது என்றால், முதலில் சீமொஸ் (பயோஸில் போட்ட தெரிவுகளைச் சேமிக்கும் நினைவகம்) அழித்து சாதாரண வேகத்துக்குத் திரும்புங்கள். பயோஸைப் புதுப்பித்து மீண்டும் முயலுங்கள். இன்னும் சரிவரவில்லையென்றால் 6000ஐ 5600க்கு இறக்குங்கள். கண்ணுக்குத் தெரியும் இழப்பு இல்லை. சில மாதம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று கறுப்புத் திரை வந்தால், கடலோரக் காற்றுப் படும் வெள்ளவத்தை, தெஹிவளை வீடுகளில் ரேமின் பொன்முனை மங்கியிருக்கக்கூடும். துண்டைக் கழற்றி அழிறப்பரால் தேய்ப்பது இங்கே பழக்கம், பலன் தருவதும் உண்டு. ஆனால் துகள் ஸ்லொட்டுக்குள் விழும். ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டுப் போடுவது மேல்.

வாங்கிய முதல் கிழமையிலேயே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் ஏற்றி, எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ போட்ட நிலையில் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் பிழைதான். அப்போது துண்டுகளை ஒவ்வொன்றாகத் தனியே அதே ஸ்லொட்டில் போட்டு, புரொபைலை நிறுத்திய வேகத்தில் திரும்ப ஓட்டுங்கள். சாதாரண வேகத்திலும் ஒரு துண்டு பிழை காட்டினால் அது வொறன்டிக்குரியது. திரையைப் படம் எடுத்து, கிட்டின் இரண்டு துண்டையும், பெட்டியையும், பற்றுச்சீட்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம், சோடியாகவே கேளுங்கள்.